நீலச் சாயம் பூசிய கட்டை

பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு மகனின் அழைப்பு வந்தது. சோற்றை வடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த கையோடு தொலைபேசியை எடுத்ததால் நேரம் மறக்கவில்லை. பெரகலை தாண்டிய இறக்கத்தில் லொறியை ஓரங்கட்டியிருப்பதாகச் சொன்னான். பிரேக்குக்குப் போகும் காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறதாம். ஹேண்ட் பிரேக்கும் பிடிப்பாக இல்லையாம். பிறகு கேட்டான்: "அம்மா, அண்ணன் குடுத்த கட்டை வண்டியில இல்ல. வீட்டுலயா இருக்கு?"

நான் நின்ற இடத்திலிருந்தே, கதவுத் திரைச்சீலைக்குக் கீழே அதன் நுனி தெரிந்தது. சரிவில் நிறுத்திய லொறி உருண்டுவிடாமல் சில்லுக்கு அடியில் வைக்கும் முக்கோண மரக்கட்டை. நீலச் சாயம் பூசியது. எங்கள் முன்கதவு காற்றில் அடிக்காதபடி அதன் கீழே முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. "தெரியலயேப்பா" என்றேன். "சரி, கல்லு வைக்கிறேன்" என்றான். அத்தோடு பேச்சு நின்றது. திரும்ப அழைத்தேன். மணி அடித்ததே தவிர எடுக்கவில்லை.

கட்டையைச் செதுக்கியவன் என் அக்காள் மகன். அக்காள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இன்னும் தேயிலைக் கொழுந்தெடுக்கிறாள். நான் படித்துத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை ஆனேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு வெளியேறி மேட்டில் தனி வீடு கட்டிக்கொண்டேன். என் மகன் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவன். அவளுடைய மகன் பத்தாம் வகுப்போடு நின்று தோட்டத்து டிராக்டரில் ஏறியவன். உத்தியோகம் எதுவும் கிடைக்காமல் என் மகன் கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்து, பதுளையில் அக்காள் மகன் ஓட்டிக்கொண்டிருந்த அதே லொறிக் கம்பனியில் சேர்ந்தபோது, ஆறு மாதத்தில் அவனை முந்திவிடுவான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு வருடம் போனது. அக்காள் மகன் தேயிலை ஏற்றிக்கொண்டு வாராவாரம் கொழும்புக்குப் போனான். என் மகனுக்கு லுணுகலைக்குச் சீமெந்து, கொஸ்லந்தைக்கு உரம். மற்ற நாட்களில் யார்டில் சும்மா உட்கார்ந்திருப்பான். ஓடுகிற கிலோமீட்டருக்குத்தான் சம்பளம் என்பதால் ஒரு மாதம் போல் மறுமாதம் இருப்பதில்லை. அக்காள் ஒருநாள் கடையில் நாலு பேர் முன்னால், "எங்க வீட்டுல படிச்ச டிரைவர் லுணுகலைக்குப் போறாரு, படிக்காத டிரைவர் கொழும்புக்குப் போறாரு" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரிப்பில் கள்ளமில்லை. எனக்குத்தான் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அக்காள் மகன் எப்படி அந்தக் கொழும்பு ஓட்டங்களை வாங்கினான் என்பதை மகன் வாய் ஓயாமல் சொல்லுவான். அண்ணன் எல்லோருக்கும் முன்னால் யார்டுக்கு வந்து டயர்களைத் தட்டிப் பார்ப்பாராம், பிரேக்கின் காற்றுத் தாங்கியில் தேங்கிய தண்ணீரை வடிப்பாராம். கொழும்பில் சரக்கு இறக்கி முடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே மேனேஜருக்குச் சொல்லிவிடுவாராம். அதனால் வெறும் வண்டியாகத் திரும்பாமல் கோதுமை மா மூட்டையோ உரமோ ஏற்றி வருவாராம். சின்ன ஓட்டம் என்று எதையும் தட்டிக் கழிக்க மாட்டாராம். "எத்தன மணிக்கு வருவேன்னு சொன்னியோ அத்தன மணிக்கு வந்து நில்லு. வரமுடியாட்டி முன்னாடியே சொல்லு. மத்ததெல்லாம் தானா வரும்டா" என்று இவனிடம் சொன்னானாம். வகுப்பறையில் நான் முப்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். என் பிள்ளை வேறொருவனிடம் பாடம் கேட்டுவிட்டு வந்து என்னிடமே ஒப்பிக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த அழைப்பு வந்த வாரத்துக் கொழும்பு ஓட்டமும் அக்காள் மகனுடையதுதான். "இந்தத் தடவ தம்பிக்குக் குடுங்க" என்று அவனே மேனேஜரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்திருந்தான். யூக்கலிப்டஸ் துண்டில் இந்தக் கட்டையையும் செதுக்கித் தந்திருந்தான். மகன் அதை ஞாயிற்றுக்கிழமை லொறியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னலுக்கு வாங்கி மீந்த நீலச் சாயத்தைப் பூசி வாசலில் காயவைத்தான். மறுநாள் எனக்குப் பாடசாலை விடுமுறை. காலையில் அவன் புறப்படுமுன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் நான் அதை எடுத்துக் கதவுக்கு அடியில் தள்ளித் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். கட்டை எங்கே என்று தேடினான். "நேத்தே வண்டியில வச்சிருப்ப, போய்ப் பாரு" என்றேன். என் மகனின் முதல் நீண்ட பயணத்தில் அக்காள் மகனுடைய பொருள் ஒன்றும் கூடப் போகக் கூடாது. நான் நினைத்தது அவ்வளவுதான்.

ஒரு மணிக்கு அக்காள் மகனையே அழைத்தேன். வேறு யாரை அழைப்பது என்று தெரியவில்லை. வண்டி நிற்கும் இடத்தைச் சொன்னேன், கட்டை இல்லையாம் என்றும் சொன்னேன். "நான் குடுத்ததா?" என்று கேட்டான். "சீக்கிரம் போப்பா" என்றேன். "சரி சித்தி, நான் போறேன்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தான். அதன் பிறகு இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணி. விஷயம் கேள்விப்பட்டு அக்காள் கொழுந்துக் கூடையோடு அப்படியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கதவருகே நின்றேன். காலடியில் கட்டை இருந்தது. குனிந்து அதை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. மகன் கல்லை வைக்கும்போது லொறி அசைந்திருக்கிறது. கல் நழுவி, அவனுடைய இடது கையை நசுக்கிவிட்டு, வண்டி உருண்டு மலைப்பக்க வடிகானில் இறங்கி நின்றது. மறுபக்கம் உருண்டிருந்தால் பள்ளம். தொலைபேசி வண்டிக்குள் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். காற்று இறங்கியதும் வண்டியை நிறுத்தி, எனக்கு முன்பே மேனேஜருக்குச் சொல்லிவிட்டதால் வேலை போகவில்லை. அதுவும் அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதான்.

இப்போது மகன் மாதம் தவறாமல் கொழும்புக்குப் போகிறான். சம்பளமும் நிலையாக வருகிறது. நீலக் கட்டை அவன் வண்டியில் இருக்கிறது. அன்று சரக்கு ஏற்றும்போது விழுந்து யார்டின் ஒரு மூலையில் கிடந்ததாகச் சொல்லி அண்ணன் கொடுத்தானாம். மகன் நம்பினான். உண்மையை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. கடிகாரம் பன்னிரண்டு நாற்பதைக் காட்டும்போது இன்றைக்கும் தொலைபேசியைப் பார்க்கிறேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. முன்பு அக்காள் மகனுடைய கிலோமீட்டர்கள்மீது இருந்தது, இப்போது அவனுடைய மனதின்மீது இருக்கிறது.

அன்று ஐந்தரை மணிக்கு இருவரும் வந்து சேர்ந்தார்கள். மகன் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி முதலில் உள்ளே போனான். அக்காள் அழுதுகொண்டே அவன் பின்னால் போனாள். அக்காள் மகன் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவன், அப்படியே நின்றான். திரைச்சீலையை விலக்கினான். கதவைக் காலால் தாங்கிக்கொண்டு கட்டையை உருவி, மழைச்சட்டைக்குள் செருகினான். பிறகு, உள்ளே கேட்காத குரலில் சொன்னான்:

"கதவுக்கு வேற ஒன்னு செஞ்சு தாரேன் சித்தி."