காண்ட்ராக்ட் என்றொரு வசவு

நாங்கள் படித்த காலத்தில் நெய்வேலியில் ஒருவனை மட்டம் தட்டக் கெட்ட வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை. 'போடா காண்ட்ராக்ட்' என்றால் போதும். டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் மைதானத்தில், சுரங்கக் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த பையன்கள் நாங்கள்தான் பேட் பிடிப்போம். டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர்களுக்கு ஃபீல்டிங் மட்டும். அவர்களுக்குத்தான் அந்தப் பெயர். என் அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். அந்தத் திமிரில் என் வகுப்புத் தோழன் ஒருவனை முதலில் அப்படிக் கூப்பிட்டது நான்தான். அவன் அப்பா நிஜமாகவே காண்ட்ராக்ட் தொழிலாளி. அவன் சிரித்துக்கொண்டே பந்து பொறுக்கப் போனான். பதிலுக்கு என்னைப் 'பர்மனென்ட்' என்றான்.

போகப் போக இரண்டும் எங்களுக்குள் செல்லப் பெயர்களாகிவிட்டன. என் கல்யாணத்துக்கு அவன் கொடுத்த சுவர்க் கடிகாரத்தின் மேல் 'இப்படிக்கு, காண்ட்ராக்ட்' என்றுதான் எழுதியிருந்தான். இது என்ன பெயர் என்று என் மனைவி கேட்டாள்.

அப்பா ரிட்டயரானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். இன்று எனக்கு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. அவன் பரீட்சை எழுதிப் பர்மனென்ட் ஆகிவிட்டான். பொறாமை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். சந்தோஷமும் இருந்தது. இப்போது பையன்கள் இந்த வார்த்தையைச் சொல்லித் திட்டிக்கொள்வதில்லை. வீட்டுக்கு ஒருவர் காண்ட்ராக்ட் என்றான பிறகு யாரை யார் திட்டுவது? அதன் விஷம் இறங்கிவிட்டது என்றே நம்பியிருந்தேன்.

போன மாதம் அவனுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்துப் பால் காய்ச்சினான். நானும் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி, 'இப்படிக்கு, காண்ட்ராக்ட்' என்று எழுதி எடுத்துப் போனேன். பார்த்ததும் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

வாசலில் அவனோடு நின்றிருந்த அதிகாரி, "இவரு யாரு?" என்று கேட்டார்.

"நம்ம மைன்ஸ்லதாங்க சார். காண்ட்ராக்ட்" என்றான்.

அவ்வளவுதான். கூடப் படித்தவன் என்றுகூடச் சொல்லவில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பி, "அந்தச் சேரையெல்லாம் கொஞ்சம் நிழல்ல எடுத்துப் போடுப்பா" என்றார். நான் அவனைப் பார்த்தேன். அவன் செல்போனைப் பார்த்தான்.

பதினெட்டு சேர்களையும் எடுத்துப் போட்டேன். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டான் என்று உள்ளே கொதித்தது. மைதானத்துப் பழியைத் தீர்த்துக்கொண்டான் என்றாலும் தாங்கியிருப்பேன். அதுகூட இல்லை. அவனுக்கு இப்போது நான் காண்ட்ராக்ட், வேறொன்றும் இல்லை. அன்றைக்கு அவனால் சிரிக்க முடிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடிகாரத்தைக் கொடுக்காமலே வண்டியை எடுத்தேன். கேட்டுக்கு வெளியே ஓடி வந்து மறித்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

"என்னடா பர்மனென்ட், சாப்பிடாம போய்க்கினே இருக்க?"

"வேலை இருக்குதுங்க" என்றேன்.

முப்பது வருடப் பழக்கத்தில் அவனுக்கு நான் மரியாதை கொடுத்துப் பேசியது அன்றைக்குத்தான்.