எங்கள் தெருக் குழாய் பாஸான கதை

தண்ணீரைச் சோதித்துப் பார்க்க ஊராட்சியில் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். டீயும் பிஸ்கட்டும் தீர்ந்ததும் நான்கு பேரைக் காணவில்லை. மிஞ்சியவர் பெரியநாயகி அக்கா. எட்டாவது படித்தவர். ஊர் ஓரத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவுகிற வேலை. சோதனைப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் குழாய் குழாயாகப் போனபோது, "டாக்டரம்மா, எங்க வூட்டு எருமைக்கு ஊசி போடணும்" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு போன புண்ணியவான்களில் நானும் ஒருவன்.

"எருமைக்கு அப்புறம். மொதல்ல நீ வா" என்றார் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் போர்வெல், மில்லின் கழிவுக் குட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. குழாயைத் திறந்தால் புளித்த நாற்றம். அக்காவின் மகள் தனுஷாவுக்கு ஒரே வருஷத்தில் மூன்று முறை வயிற்றுப்போக்கு. மூன்றாவது முறை ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தப் போரை மூடிவிட்டு, ஏரிப் பக்கத்துப் போரிலிருந்து பைப் இழுக்க வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான்.

பெட்டியில் சின்னச் சின்னக் குப்பிகள் உண்டு. தண்ணீரை ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், கிருமி இருந்தால் கறுத்துவிடும். அக்கா அடுப்போரம் வைத்தார். மறுநாளே கறுத்தது. இன்னொன்று வைத்தார். அதுவும் கறுத்தது.

சங்கராபுரத்துக் குடிநீர் ஆபீசில் கொண்டுபோய்க் காட்டினார். "கிட்ல பாத்ததெல்லாம் செல்லாதும்மா. நாங்க வந்து சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பணும்" என்றார்கள். அவர்கள் வர ஐந்து மாதம் ஆனது. மில்லுக்குச் சேதி போக ஒரே நாள்தான் ஆனது. "நாளையிலேர்ந்து வேலைக்கு வராத" என்று சொல்லிவிட்டார்கள். அக்கா களை எடுக்கப் போனார்.

மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன ஜீப் பதினோரு மணிக்கே வந்து நின்றது. அக்கா வயலில் இருந்தார். குழாயடி முழுக்கச் சேறு. இறங்கிய அதிகாரி சேற்றைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார், அக்காவின் அடுத்த வீட்டுக் கொளஞ்சியம்மாளிடம் பாட்டிலை நீட்டினார்.

"கொழாத் தண்ணி புடிச்சாந்து குடும்மா. டெஸ்டுக்குப் போவணும்."

வெளியூர்க்காரர்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுப்பது எங்கள் தெருவில் வழக்கமில்லை. மலையடிவாரக் கிணற்றிலிருந்து இரண்டு மைல் சுமந்து வந்து, அவர்களுக்கென்றே தவலையில் மூடி வைத்திருப்போம். கொளஞ்சியம்மாள் அந்தத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, பாட்டிலை நிரப்பி, வெளிப்பக்கத்தையும் முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் அக்காவிடம் அதைச் சொல்லும்போது கொளஞ்சியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "டெஸ்டுன்னு சொன்னாங்கடி. பரிச்சைக்குப் போற புள்ளயக் குளிப்பாட்டித்தான அனுப்புவோம்? அந்த நாத்தத் தண்ணியக் குடுத்தா நம்ம தெருவப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

"பெரியம்மா, அது ஃபெயிலாவணும்னுதான நான் அஞ்சு மாசமா அலைஞ்சிக்கினு இருக்கேன்."

கொளஞ்சியம்மாள் மென்றுகொண்டிருந்த வெற்றிலை அப்படியே நின்றது. "அடிப்பாவி, அத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் கிழவி அன்றைக்குச் சோறாவது தின்றிருக்கும்.

'குடிப்பதற்கு உகந்தது' என்று லேபிலிருந்து தாள் வந்தது. ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். மில்காரர்கள் அதை நகலெடுத்து அவர்கள் கேட்டிலும் ஒட்டிக்கொண்டார்கள். மறுபடி சாம்பிள் எடுக்கச் சொல்லி அக்கா கேட்டதற்கு, மனுவை முடித்தாகிவிட்டது என்று பதில் வந்தது.

பெட்டியில் இருந்த கடைசிக் குப்பியில் தண்ணீர் பிடித்தார். கறுத்தது. திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போனார். நான் துணைக்குப் போனேன். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து எதையும் யாரும் கொண்டுவந்துவிடக் கூடாதென்று வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். குப்பியைப் பார்த்ததும் அங்கிருந்த பெண் காவலர் பதறிவிட்டார்.

"இன்னாம்மா இது? விஷமா?"

"எங்க தெரு குடிதண்ணிங்க மேடம்."

"யாருகிட்ட வெளையாடுற? இதக் குடிச்சிட்டு நீ உழுந்தா யாரு பதில் சொல்றது?" குப்பியைப் பிடுங்கித் தூரமாய் ஒரு மணல் வாளியில் வைத்தார்.

அக்கா மனுவை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மேசையில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உகந்ததுன்னு இருக்கேம்மா" என்றார். நிமிரவே இல்லை.

வெளியே வந்த அக்கா நேராக அந்தக் காவலரிடம் போய் நின்றார்.

"மேடம், ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பீங்களா?"

"எத எழுதணும்?"

"விஷம்னு சொன்னீங்களே, அத."