மூஞ்சூற்றுப் பெட்டியின் காவலர்

வேலை முடிந்து வந்தால் தில்லையம்பலம் வடலண்டன் எட்மண்டனிலுள்ள தன் வீட்டு மணியை முழங்கையால்தான் அழுத்துவார். மனைவி வசந்தமலர் கதவைத் திறந்து ஒதுங்கி நிற்க, சுவரில்கூடப் படாமல் மாடியேறித் தலைக்குத் தண்ணீர் வார்த்துத் தோய்ந்துவிட்டுத்தான் தேத்தண்ணீரைத் தொடுவார். பனி கொட்டும் ஜனவரியிலும் இதே கூத்துத்தான். ஊரில் செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்கள் துடக்குத் தீட்டுக் கழியச் செய்கிற காரியத்தை இவர் வாரத்தில் ஐந்து நாள் செய்கிறார்.

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் அவர் காவலர். அவருக்கு வாய்த்த அறையில் மனிதப் பிரேதம்கூடக் கிடையாது. பழைய எகிப்தியர் விலங்குகளைப் பதப்படுத்தி அடக்கிய மரப்பெட்டிகள்தான். குந்தியிருக்கும் பூனை வடிவில் ஒன்று, பருந்துக்கு ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் சவர்க்காரப் பெட்டியளவில் மூஞ்சூறுக்கும் ஒன்று.

"பூனைக்கெல்லாம் ஆரண்ணை துடக்குக் காக்கிறது?" என்று கூட வேலை செய்யும் கஸ்பர் சீண்டுவார்.

"பெட்டியிலை வைச்சால் எல்லாம் பிரேதம்தான்" என்பார் இவர். செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக்கூடாது என்பதால், மாலையில் கஸ்பரிடம்கூட வாய் திறக்காமல் நழுவிவிடுவார்.

மூஞ்சூறு விஷயத்தில் மட்டும் மனிதருடைய சட்டம் கொஞ்சம் இளகும். பிள்ளையாரின் வாகனமாயிற்றே. காலையில் ஆளில்லாத நேரம் பார்த்து அதன் முன்னால் தலையில் குட்டிக்கொள்வார். சிறுவர்கள் மூக்கை அழுத்திய கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைப்பார். காலையில் கோயில், மாலையில் செத்தவீடு. அறை என்னவோ ஒன்றுதான்.

தோய்ந்து தோய்ந்து நெஞ்சுச்சளி பிடித்ததுதான் மிச்சம். வசந்தமலரின் கரைச்சல் தாங்காமல் ஆறு வருடம் இடமாற்றம் கேட்டு எழுதினார். தொண்ணூற்று மூன்றில் ஒரு வியாழக்கிழமை கடிதம் வந்தது. திங்கள் முதல் நாணய அறை. வசந்தமலர் பாயசம் வைத்தார். இவர் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, கேட்டது கிடைச்சிட்டுதல்லோ?"

"ஓம்" என்றார். கரண்டியை வைத்துவிட்டு, "இனி அந்தக் கண்ணாடியை ஆரும் துடைக்கமாட்டினம்" என்றார்.

அவருக்குத் துக்கம்தான். ஒரு மூஞ்சூறுக்காகத் துக்கப்படுவதை யாரிடம் சொல்வது?

மறுநாள் மாலை, கஸ்பர் விளக்கணைக்கக் காத்து நின்றார். தில்லையம்பலம் வழக்கம்போல் பேசாமல் வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்து, கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டு, அந்தச் சின்னப் பெட்டிக்குக் கேட்கும்படி குனிந்து சொன்னார்.

"போயிட்டு வாறன்."