உருளைக்கு ஒரு சும்மாடு

என் வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காது. இதற்கு யாரையும் திட்ட முடியாது. தூண்டில் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கக் கூடாது என்பது கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்குப் பெரிய கலவா ஒன்று கடித்தது, நரம்பு வழுக்கியது, ஒரே ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன். மீன் ஓடியது. நைலான் நரம்பு எலும்பு வரை இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். புண் ஆறியது. விரல்கள் நீட்டியபடியே நின்றுவிட்டன.

அதற்குப் பிறகு எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. நான் போகிற பைபர் படகு என் மனைவியின் அண்ணனுடையது. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஒரு நாள் வைத்திக்குப்பம் கரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, நீ இனிமே கரையிலயே இரு. எட போடு, ஐஸ் பெட்டிய பாத்துக்க. பங்கு வந்துடும்."

"பிச்ச போடறியா மச்சான்?"

"நல்லது சொன்னா கடிக்கிறியே. அறுவது பாகம் நரம்ப அந்தக் கையால எப்பிடி இழுப்ப?"

இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். கலவா கிடக்கிற இடத்தில் கடல் அறுபது பாகம் ஆழம். அவன் கேட்டது நியாயம். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

"இழுக்க மாட்டேன். சுத்துவேன்" என்றேன். எதைச் சுற்றுவது என்று அப்போது எனக்கே தெரியாது.

அவன் யோசித்தான். "சரி, மூணு தடவ வா. ஆவலன்னா கரைதான், அப்பறம் பேசக் கூடாது. இன்னொண்ணு. எதையாவது மாட்றேன்னு என் புதுப் படகுல ஓட்ட போட்ட, உன் மண்டையில ஓட்ட போட்டுடுவேன்."

கடையில் விற்கிற தூண்டில் ரீலைப் போய்ப் பார்த்தேன். பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவன்தான் அதை வாங்க முடியும். பிழைப்புக்குப் பிடிக்கிறவன் வாங்க முடியாது. திரும்பி வந்துவிட்டேன். மூலக்குளத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஏதோ சொல்தா வீட்டிலிருந்து வந்த பிரெஞ்சுக் காலத்துச் சைக்கிள் கிடந்தது. அதன் அச்சும் ஒரு பெடலும் எடுத்துக்கொண்டேன். தவளக்குப்பத்தில் ஒரு கடையில் கனமான பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் வாங்கினேன். குழாய்க்கு இருபுறமும் அடைப்பு வேண்டும். வீட்டிலிருந்த எவர்சில்வர் தட்டு இரண்டைத் தூக்கினேன்.

"சோறு எதுல போடறது? உன் கையிலயா?" என்றாள் மனைவி.

"கலவா வந்தா புதுத் தட்டு வரும்."

"வந்தா."

வெல்டிங் பட்டறையில் இரண்டு நாள் சண்டை போட்டு அதை முடித்தேன். குழாய்தான் உருளை. அதில் நரம்பு. பெடலை உள்ளங்கையால் தள்ளினால் உருளை சுற்றும், விரலுக்கு வேலையே இல்லை. ஒரு பெல்ட் துண்டை இடது கையால் அழுத்தினால் பிரேக். எல்லாவற்றையும் ஒரு பலகையில் பொருத்தி, பலகையைப் படகில் கயிற்றால் கட்டினேன். ஓட்டை போடவில்லை.

முதல் தடவை போனபோது கூட வந்தவன் ஒருவன் கடலுக்குள் போகும் வரை கேலியை விடவில்லை.

"அண்ணே, கரும்பு ஜூஸ் ஒண்ணு. ஐஸ் கம்மியா."

"வாய மூடிட்டு இரை மாட்டு" என்றேன்.

அறுபது பாகத்திலிருந்து நாலு கலவா ஏற்றினேன். பலகை ஆடியது, கயிறு தளர்ந்தது, மறுபடி மறுபடி கட்டினேன். ஆனால் ஏற்றினேன். ஜூஸ் கேட்டவன் அப்புறம் கேட்கவில்லை.

பலகையோடு எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. தட்டுகள் இரண்டும் வெளியே உப்பியிருந்தன. யாரும் தொடவில்லை, எதுவும் மேலே விழவில்லை. நேராகத் தவளக்குப்பம் போய்க் கடைக்காரரைப் பத்துப் பேர் பார்க்கத் திட்டினேன்.

அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தண்ணி போற பைப்புய்யா. இதுல இன்னா யானையா கட்டின?" இருந்தாலும் இன்னும் தடிமனான ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இது ஒடஞ்சா நான் பேர மாத்திக்கறேன்."

இரண்டாவது தடவையும் மீன் வந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டப்பென்று ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். அவர் பெயரை மாற்ற வேண்டியதுதான்.

இன்னும் ஒரே தடவை. அது போனால் ஐஸ் பெட்டி. வாசலில் உட்கார்ந்து நரம்பை அவிழ்த்தேன். மேல் சுற்றுகள் சாதாரணமாக வந்தன. உள்ளே போகப் போக ஒன்றோடொன்று இறுகி, நகம் நுழையவில்லை. அப்போதுதான் புரிந்தது. நைலான் பாரத்தில் நீளும். மீனும் ஈயக் குண்டும் கீழே இழுக்க, நீண்டபடியே உருளையில் ஏறுகிறது. பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. இருநூறு சுற்றும் சேர்ந்து குழாயை நெரிக்கின்றன. என் விரலை அறுத்த அதே நரம்பு. கடைக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை.

"நரம்பு குழாய நெரிக்குது, இரும்புக் குழாய்தான் போடணும்" என்றேன். ஆனால் அந்தக் கனத்தை என் கை சுற்றாது.

மனைவி மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கூடையை இறக்கிவிட்டு நின்று பார்த்தாள்.

"உள்ள ஒண்ணுமே வெக்கலயா? மொட்டக் குழாய் மேலயே சுத்தறியா?"

"வேற எது மேல சுத்துவாங்க?"

"கூடை கனக்குதுன்னு தலையையா மாத்தறோம்? இதத்தான வெக்கறோம்." தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து என் மடியில் போட்டாள். கூடைக்கும் தலைக்கும் நடுவில் வைக்கிற அந்தத் துணிச்சுருள், ஈரமாக, மீன் வாடையோடு.

"நெரிக்கறதுக்கு அதுக்கு ஏதாவது குடு. குழாய விட்டுடும்."

அவள் சொன்னது சரி என்று உடனே ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. துணி உப்புத்தண்ணியில் அழுகும் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் சைக்கிள் கடைக்குப் போய்ப் பழைய டியூப் மூன்று வாங்கி வந்தேன். தவளக்குப்பத்தில் பேசாமல் முதல் மாதிரியே ஒரு குழாய் வாங்கினேன். குழாயைச் சுற்றி டியூபை மூன்று அடுக்காக ஏற்றி, அதன் மேல் நரம்பைச் சுற்றினேன்.

மூன்றாவது தடவை கிடைத்தது மூன்று மீன். ஒன்று இதுவரை நான் பிடித்ததிலேயே பெரியது. அதை ஏற்றுவதற்குள் பலகை கட்டிய கயிறு ஒன்று அறுந்தது. மச்சான் காலால் பலகையை மிதித்துப் பிடித்துக்கொண்டான். நான் சுற்றினேன். குழாய் தாங்குமா என்பது மறுநாள்தான் தெரியும், அவனுக்கும் அது தெரியும்.

விடிந்ததும் வாசலில் நின்றான். இருவரும் பார்த்தோம். தட்டு உப்பவில்லை. குழாயை முழுக்கத் தடவினேன், ஒரு கீறல் இல்லை. நரம்பு டியூபுக்குள் நன்றாகப் புதைந்திருந்தது. மச்சான் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அரை மணி நேரத்தில் பேட்டரி டிரில்லோடு திரும்பி வந்தான். "பலகைய எடுத்துகினு கரைக்கு வா. கயிறு கட்டிட்டு எத்தன நாளைக்கு மிதிச்சிட்டு நிக்கறது நானு?"

படகு மேல் பலகையை வைத்து நாலு இடத்தில் புள்ளி வைத்தேன். மச்சான்தான் ஓட்டை போட்டான். ஒவ்வொரு ஓட்டைக்கும் தன் பல்லில் போடுகிற மாதிரி முகத்தைச் சுளித்தான். போல்ட்டை நான்தான் முறுக்கினேன். மனைவி மீன் கூடையோடு அந்தப் பக்கம் போனாள். "தட்டு எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் நடந்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு?" என்றேன் மச்சானிடம்.

"எப்பவும் போலதான். புதுசா கேக்கற."