செக்குப் பலகையில் ஒரு ஹெட்கிளார்க்

போன வாரம் செங்கம் சாலையில் ஒரு கடையில் மோட்டார் வைத்து எண்ணெய் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அரைபடும் வேர்க்கடலையின் வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. பித்தம் என்று நினைக்காதீர்கள். காரணம் வேறு.

திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிது. வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர். மாடு இழுக்கும் கல்செக்கு ஒன்றை வளாகத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று எங்கள் அதிகாரிக்கு ஆசை. கீழ்பென்னாத்தூர் பக்கம் சரோஜா என்பவரிடம் ஒன்று இருந்தது. கேட்கப் போனேன்.

"சும்மா நிக்க வெக்கிறதுன்னா குடுக்க மாட்டேன் சார். அங்கயும் எண்ணெய் ஆட்டணும். ஓடலைன்னா அதே லாரில ஏத்திக்கினு வந்துடுவேன்" என்றார். இதில் பாதியைத்தான் அதிகாரியிடம் சொன்னேன்.

லாரியில் செக்கு வந்தது, உலக்கை வந்தது, மாடும் வந்தது. மாடு இழுக்கும் பலகையின் மேல் பாரத்துக்கு வைக்கும் கல் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. பாரம் இல்லாமல் கடலை அரைபடாது. சரோஜா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க ஒக்காருங்க சார்."

அப்போது என் உடம்பு என் சைக்கிளைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். நாலு சுற்று சுற்றியும் கடலை மசியவில்லை. "வெயிட்டு கம்மிங்க" என்று சரோஜா மாட்டை அவிழ்க்கப் போனார். லாரிக்காரர் வேறு இன்ஜினைக் கிளப்பிவிட்டார். எங்கள் ஹெட்கிளார்க்கைப் பார்த்தேன். நாற்காலியில் தன்னைத் திணித்துக்கொண்டு உட்காரும் மனிதர். வேட்டியை மடித்துக் கட்டி, "நவுருய்யா" என்று பக்கத்தில் ஏறினார்.

பலகை முனகியது. மாடு நடந்தது. அலுவலகம், புங்க மரம், மலை, சரோஜா, மறுபடி அலுவலகம். ஊரே அந்த மலையைச் சுற்றுகிறது; அன்றைக்கு மலை எங்களைச் சுற்றியது. ஹெட்கிளார்க் என் காலரைப் பிடித்துக்கொண்டு, "எறக்கி வுடும்மா!" என்று அலறினார். மனுவோடு நின்ற கூட்டம் வரிசையை விட்டு ஓடிவந்து சிரித்தது.

"இன்னும் பத்து சுத்து சார், கசியுது!" என்றார் சரோஜா.

கசிந்தது. சரோஜா விரலால் தொட்டு முகர்ந்து, "லாரியை அனுப்பிடுங்க" என்றார். நாங்கள் இறங்கி ஆளுக்கொரு திசையில் நடந்து, ஒரே புங்க மரத்தில் மோதினோம்.

அப்புறம் மனு வாங்கும் திங்கட்கிழமைதோறும் ஆட்டம்தான். மனு கொடுக்க வந்தவர்கள், டைப்பிஸ்ட் பெண்கள், ஒரு நாள் ஷூவைக் கழற்றிவிட்டு அதிகாரியே என்று முறை வைத்து ஏறினார்கள்.

அதிகாரி மாற்றலாகிப் போனார். மாடு செத்தது, சரோஜா இன்னொன்று வாங்கவில்லை. பலகையைக் கரையான் தின்றது. மாடு நடந்த வட்டத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. சமீபத்தில் ஒரு மனுவோடு அங்கே போனபோது, அதிகாரியும் மனுக்காரரும் இங்கே தோள் உரச உட்கார்ந்து சுற்றினார்கள் என்று டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் சொன்னேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து, அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.