ஆயாக்கொட்டகையில் நான் சொன்ன படம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீலாயில் எங்கள் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு, மகள் கைப்பேசியில் ஏதோ வெளிநாட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே ஒரு பெண் மாவு பிசைகிறாள். கீழே தமிழ் எழுத்து ஓடுகிறது. "எந்த நாட்டுப் படமா இருந்தாலும் இப்ப தமிழ்லயே வருதும்மா" என்றாள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிராணியாக இருந்த காலம் அது. கிராணி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பேர் பதிவதும் கடிதம் அடிப்பதும்தான் வேலை. ஆனாலும் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் என்று எனக்கொரு தலைக்கனம் இருந்தது. நடையே வேறு மாதிரி இருந்ததாக என் தோழி ஸ்டெல்லா கேலி செய்வாள்.

தோட்டத்தில் பீட்டர் அண்ணன் என்று ஒருவர், நீலாயில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்தார். மாதம் ஒரு ஞாயிறு அங்கிருந்து ஏதாவது ஒரு தேசத்து டிவிடி படத்தட்டை இரவல் வாங்கிவருவார். சர்ச்சின் புரொஜெக்டர், மாரியம்மன் கோயிலின் மைக், பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையின் வெள்ளைச் சுவர். மூன்றும் சேர்ந்தால் எங்கள் தியேட்டர். ஜன்னல்களை உரச்சாக்கால் மறைப்போம். உள்ளே பால்மாவு வாசனையும், வெளியிலிருந்து மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் நாற்றமும், சனங்கள் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த சவுக்கார மணமும் கலந்து கிடக்கும். இன்றைக்கும் அந்தக் கலவையில் ஏதாவது ஒன்று மூக்கில் பட்டால் எனக்குத் தூக்கம் போல ஒரு மயக்கம் வரும்.

படத்தில் ஆங்கில எழுத்துத்தான் ஓடும். அதைப் படித்துப் படித்து மைக்கில் தமிழில் சொல்வது என் வேலை. 'படஞ்சொல்லி' என்றே எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். பிழைப்புக்காகப் பேரை மாற்றிக்கொண்டவன், ஊர் விட்டு ஊர் போய் சாமியைத் தொலைத்தவள், தாய்மொழி மறந்துபோன பிள்ளை என்று வந்த படமெல்லாம் 'நான் யார்' என்று கேட்கிற படங்கள். எங்கள் சனங்களுக்கு அலுக்கவே இல்லை. "நம்ம கதைதான் லா, ஆளுதான் வெள்ளையா இருக்கான்" என்பார் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவர். நான் கூடுதலாக நாலு வார்த்தை போட்டுச் சொன்னால் கைதட்டுவார்கள். அதில் நான் ருசி கண்டுவிட்டேன்.

ஸ்டெல்லா என் கூடப் படித்தவள். என்னைவிட நன்றாக ஆங்கிலம் தெரியும். மைக் என்றால்தான் வெட்கம். அவளும் என் அண்ணன் குணாவும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். தோட்டத்தில் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர் வீட்டோடு சம்பந்தம் ஒன்றும் புதிதில்லை. ஆனால் அம்மா ஒரே பிடியாக நின்றார். "அவ நம்ம சாமிய கும்பிடட்டும், நாளைக்கே தட்டு மாத்துறேன்." ஸ்டெல்லா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அண்ணன் நடுவில் கிடந்து இளைத்தான்.

அந்த ஞாயிறு அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா பின்னால், கதவோரம். பீட்டர் அண்ணன் படத்தட்டை அன்று காலைதான் கொண்டுவந்திருந்தார். நான் முன்னதாகப் பார்க்கவில்லை. பனி கொட்டும் ஊர். வேறு மதத்துப் பையனை விரும்பும் பெண். அவன் அம்மா அடுப்படியில் அவளைக் கேட்கிறாள், எங்கள் வீட்டுக்கு வந்தால் உன் சாமியை விட்டுவிடுவாயா என்று. மாவு பிசைந்தபடி பெண் சொன்னாள்: "நான் உங்கள் வீட்டுக்கு வருவேன். என் சாமியை வாசலில் விட்டுவிட்டு வர மாட்டேன்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மைக்கில் சொன்னேன்: "உங்க வீட்டுக்கு வந்துட்டா உங்க சாமிதான் என் சாமி, அத்தை."

கொட்டகை முழுக்க ஒரு பெருமூச்சு. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகுதான் வந்தது வினை. அந்தப் பெண் படம் நெடுக முழங்காலிட்டுத் தன் சாமியையே கும்பிட்டுக்கொண்டிருந்தாள். "மனசு மாறிருச்சு, பழக்கம் விடல" என்று சமாளித்தேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பொய், வேர்த்து ஊற்றியது. கடைசிக் காட்சியில் அந்த மாமியார் தன் சாமி அலமாரியில் இருந்ததையெல்லாம் ஒரு பக்கமாக நகர்த்தி, மறுபக்கத்தைத் துடைத்து, "இது உன் சாமிக்கு" என்றாள். அதைச் சொன்னால் முன்னே சொன்னதெல்லாம் பொய்யாகிவிடுமே. "வீட்ட சுத்தம் பண்றாங்க" என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டேன்.

வெளியே ஸ்டெல்லா காத்திருந்தாள். கோபமே இல்லை. "அந்தக் கடைசி சீன மட்டுமாவது சரியா சொல்லியிருக்கலாம் லா" என்றாள். "உங்க அம்மா பாத்திருப்பாங்க, ஒரு மாமியார் எப்படி இடம் விடுறாங்கன்னு."

படத்தை நம்பி அடுத்த வாரமே அம்மா தட்டோடு ஸ்டெல்லா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நானும் போனேன். "அந்தப் புள்ள மாதிரி நீயும் ஒரு வார்த்த சொல்லிரும்மா" என்றார் அம்மா. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் தட்டிலிருந்த வெற்றிலையைப் பார்த்தேன். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு நிமிடம் போதும். அவள் செய்யவில்லை. "என்னால முடியாது அத்தை, மன்னிச்சிருங்க" என்றாள். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

ஸ்டெல்லா ஜொகூருக்குக் கல்யாணம் கட்டிப் போய்விட்டாள். அம்மா படுக்கையில் கிடந்தபோதும், "அந்தப் படத்து மாமியாக்காரி கொடுத்து வச்சவ, மருமக அவ பேச்ச கேட்டா" என்பார். நான் தலையாட்டுவேன். கஞ்சியை ஊட்டிக்கொண்டே தலையாட்டினேன். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

பால்மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். பிறகு செம்பனையையும் சாய்த்து வீடு கட்டினார்கள். ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. சனங்கள் சிரம்பான், நீலாய் என்று சிதறிவிட்டார்கள். கல்யாண வீட்டில் பார்த்தால் "படஞ்சொல்லி" என்று கூப்பிடுகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம் "அமையல லா" என்று சிரிப்பான். பக்கத்தில் நின்று நானும் சிரிப்பேன். மாவு பிசைந்த அந்தப் பெண் நிஜத்தில் என்ன சொன்னாள் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.