அண்ணனின் கால் வீக்கம்

எழுபதுகளில் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தேன். கடப்பாக்கம் பக்கத்துக் குப்பத்தில், கடலுக்குப் போய்க்கொண்டிருந்த என் அண்ணனுக்கு இரைப்பையில் புற்றுநோய். அவன் ரத்தத்தையும் நான்தான் சோதித்தேன். ரத்தத்தின் மேலே தெளிகிற நீரில் மருந்து விட்டால் ஊதாவாகும். நிறம் அடர்ந்திருந்தால் புரதம் போதுமான அளவு இருக்கிறது; வெளுத்தால் குறைந்துவிட்டது. "புரோட்டீன் ஏறட்டும்மா. இல்லேன்னா கத்தி வச்ச இடம் ஆறாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அடுத்த முறையும் வெளுத்தே வந்தது. மருந்து பழசு என்று அதன்மேல் பழியைப் போட்டு மறுபடி செய்தேன். சனியன், அப்போதும் அதே வெளுப்பு. டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார். அதைச் சொல்லத்தான் பஸ் ஏறினேன்.

வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள். "வாடி, உங்க அண்ணன் மூஞ்சிய பாரு! எப்டி உப்பிக்கீது! உடம்பு தேறிக்கினு வருது!"

எங்கள் குப்பத்தில் இளைத்தால் நோய், பெருத்தால் சுகம். வந்தவர்களெல்லாம் அவன் கன்னத்தைப் பார்த்துப் பூரித்தார்கள். புரதம் இறங்கினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்று கத்த வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது. அம்மா கண்ணேறு கழித்துக் கற்பூரத்தைத் தெருமுனைக்கு எடுத்துப் போனாள். கூட்டமும் அவள் பின்னால் கலைந்தது.

அண்ணன் தன் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினான். "குழி வுழுது பாரு. மேல வரமாட்டேங்குது. சதையா இருந்தா இப்டியா இருக்கும்? கத்தி வெக்கமாட்டாங்க, அதானே?"

தலையாட்டினேன்.

"அம்மாகிட்ட வாயத் தொறக்காத. இன்னிக்குத்தான் சிரிச்சிக்கினு கீது."

சொல்லாமல் எப்படி இருப்பது? சொல்லிவிட்டு எப்படி இருப்பது? எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் அம்மா திரும்பிவிட்டாள்.

"ஆபரேசனு என்னிக்காம்? டாக்டரு இன்னா சொன்னாரு?"

அண்ணன் என்னையே பார்த்தான்.

"வேணாம்னுட்டாரும்மா."

"பாத்தியா! கத்தியே வேணாம்னுட்டாரா!" கையெடுத்துக் கும்பிட்டாள். என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். என் பிள்ளை பிழைச்சிட்டான் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு ஓடினாள். நாங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.